நிதானத்தில் தடுமாறும் எஞ்சின்

மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றின் குணாகுணங்களை அறிய விரும்புகிறவர்கள், அது நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது எழுப்பும் முழக்கத்தைக் கேட்டுத் தீர்மானிப்பதைக் காட்டிலும், வண்டி நின்றிருக்க எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுழலும் வேளையில் அது எவ்விதம் ஒலிக்கிறது என்று செவிகொடுத்துக் கேட்பது மேல். “ஓட்டத்தில் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது” என்று மெக்கானிக்கிடம் முறையிடுகிறவர்கள் அநேகர். எப்போதும் உள்ளே இருந்துவரும் கோளாறு, வேகத்தின் மறைவு நீங்கிய அந்த இடத்தில்தான் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது என்பதே அந்த முறையீட்டின் உட்பொருள்.

இதை விளங்கிக்கொள்ள, நம்மவர் நன்கறிந்த வண்டி ஒன்றையே உதாரணமாகக் கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் தோன்றி, 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் கூட்டாக நிறுவிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் வழியாகச் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரைத் தன் ஊராக்கிக்கொண்ட புல்லட் 350, வார்ப்பிரும்பு சிலிண்டரும் பாயின்ட் பற்றவைப்பும் கொண்ட அதன் பழைய வடிவத்தில், இந்தப் பாடத்துக்கு மிகப் பொருத்தமானது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் உள்ள ஒரே சிலிண்டர். 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. உறுப்புகள் சிலவே, அவற்றுள் பெரும்பாலானவை கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கின்றன.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை இறங்கி எரிபொருட்கலவையை உறிஞ்சுகிறது. ஏறி அதை அமுக்குகிறது. கலவை எரிய, அந்த அழுத்தத்தால் தள்ளப்பட்டு மீண்டும் இறங்குகிறது. பின்னர் ஏறி எரிந்த புகையை வெளியேற்றுகிறது. இந்நான்கில் சக்தியைத் தருவது ஒன்றே. மற்ற மூன்றும் சக்தியைச் செலவழிப்பவை. கோலால் ஒருமுறை உந்திவிடப்பட்ட குயவரின் சக்கரம் தன் கனத்தாலேயே தொடர்ந்து சுழல்வதுபோல, எஞ்சினுக்குள் இருக்கும் கனத்த ஃப்ளைவீல்தான் அந்த மூன்று செலவுகளையும் தாங்கி அடுத்த வெடிப்புவரை இயக்கத்தைக் கொண்டு சேர்க்கிறது. நிமிடத்துக்கு 4000 சுற்றில் விநாடிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வெடிப்புகள் நிகழ்வதால், அவற்றுள் ஒன்று தவறினால் ஓட்டுகிறவர் உணர்வதுகூட இல்லை. 1000 சுற்றிலோ விநாடிக்கு எட்டு வெடிப்புகளே உண்டு. ஒன்று தவறினாலும் சுழற்சி தொய்ந்து, சில வேளைகளில் நின்றே போய்விடுகிறது.

மெதுவான ஓட்டத்தில் வெடிப்புகளின் எண்ணிக்கை குறைவதோடு, ஒவ்வொரு வெடிப்பும் நிகழ்வதே கடினமாகிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் ஏறக்குறைய மூடியிருக்கையில் சிலிண்டருக்குள் புகும் புதிய கலவை மிகச் சொற்பம். முந்தைய சுற்றில் எரிந்து எஞ்சிய புகை அதனோடு கலந்துவிடுவதால், கலவை எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் சாவதானமாகவே எரியும். பெட்ரோல் முற்றாக எரிவதற்கு அதன் எடையைப்போல் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும் என்பது ரசாயனக் கணக்கு; ஆனால் இத்தகைய பிரதிகூலமான நிலையில் எஞ்சின் நிலைத்து ஓட வேண்டுமானால் அதைவிடப் பெட்ரோல் சற்று மிகுந்த கலவை அவசியமாகிறது. ஆகவே அமுக்கத்தில் சிறு கசிவு, பொறியில் சிறு பலவீனம், கலவையில் சிறு பிசகு ஆகிய எதுவும் வேகத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்டாலும் நிதானத்தில் பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை.

அமுக்கம், பொறி, கலவை என்ற இம்மூன்றையும் இதே கிரமத்தில் பரிசோதிப்பதே முறை. “ஸ்லோவில் நிற்கவில்லை” என்றதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கார்புரேட்டரைத் திருகத் தொடங்குவது நம்மில் பரவிவிட்ட ஒரு வழக்கம். கடைசியில் தொட வேண்டிய உறுப்பை முதலில் தொடுவதால் உண்டாகும் குழப்பமே, எத்தனையோ வண்டிகள் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்குவதற்கு மூலகாரணம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அமுக்கத்தைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் அமுக்கத்துக்கு எதிராக முட்டி நிற்கும் இடத்தில் உடல் எடையைத் தாங்கவிட்டால், நல்ல எஞ்சின் சில விநாடிகளேனும் எதிர்த்து நின்று பிறகுதான் இணங்கும். உடனே இணங்கிவிட்டால் காற்று எங்கோ தப்பிச் செல்கிறது என்று பொருள். அது செல்லும் வழியைச் செவியே காட்டிக்கொடுக்கும். சீறல் கார்புரேட்டர்ப் பக்கம் கேட்டால் உள்வால்வும், சைலன்சர்ப் பக்கம் கேட்டால் வெளிவால்வும், அடியிலுள்ள எண்ணெய்ப் பகுதியின் புகைக்குழாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்குகளும் சந்தேகத்துக்கு உரியவை. புல்லட்டில் நான்காவது வழியும் உண்டு. கிக்கரை உதைப்பதை இலேசாக்கும் டிகம்ப்ரஸர் வால்வின் கேபிள் இழுபட்டு இறுகியிருந்தால் அவ்வால்வு முழுவதும் மூடாமல் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். கேபிளைச் சற்றுத் தளர்த்துவதே அதற்குப் போதுமான பரிகாரம்.

வால்வுகள் கசிவதற்கு அவை தேய்ந்திருக்க வேண்டும் என்ற நியதியில்லை. வால்வின் இடைவெளியை அமைக்கும் டாப்பெட் இறுக்கமாக வைக்கப்பட்டிருந்தாலும் கசியும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கையில், இரு வால்வுகளும் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையில், வால்வை இயக்கும் புஷ் ராடை விரல்களால் பற்றிச் சுழற்றினால் அது தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் அசையலாகாது. பழைய புல்லட்டுக்கு விதிக்கப்பட்ட அளவு இதுவே. சுழல மறுக்குமானால் வால்வு தன் இருக்கையில் சரிவர அமராமல் சிறிது திறந்தே நிற்கும்; மெதுவான ஓட்டத்தில் அமுக்கம் நிகழ எடுக்கும் காலம் நீளமாதலால், கசிவுக்குக் கிடைக்கும் அவகாசமும் நீண்டுவிடுகிறது.

அமுக்கம் குறைவற்றது என்று நிச்சயமான பிறகு பொறியைக் கவனிக்கலாம். பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால், கடந்த சில நிமிடங்களில் சிலிண்டருக்குள் நிகழ்ந்தது தெரியும். மெதுவான ஓட்டத்தை ஆராய்கிறவர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைத்த பின்பே பிளக்கைப் பார்க்க வேண்டும் என்பதை மறத்தலாகாது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது பொறிப் பலவீனம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ரிங் அல்லது வால்வு வழியாக எண்ணெய் ஏறுகிறது. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. இளம் பழுப்பு நிறமே விரும்பத்தக்கது.

பிளக்குக்கு உயர்ந்த மின்னழுத்தத்தை அனுப்புவது காயில். அதை உரிய கணத்தில் தூண்டுவது பாயின்ட். பாயின்ட் முழுவதும் திறந்திருக்கையில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் கொண்டு இதை எவரும் அளக்கலாம். பாயின்ட்டின் முகங்கள் குழிந்தும் மேடிட்டும் காணப்பட்டாலோ, ஓடும்போது அவற்றினிடையே பெரிய தீப்பொறிகள் பறந்தாலோ, அத்தீப்பொறியை அடக்க வேண்டிய கண்டன்சர் பழுதுற்றது என்று கொள்ளலாம். ஆறிய நிலையில் ஒழுங்காக ஓடிச் சூடேறியபின் மிஸ்ஸிங் அடிக்கும் எஞ்சினில், கண்டன்சரையும் காயிலையும் ஐயுறாமல் வேறெதையும் கழற்றலாகாது.

டைமிங் இதனினும் சூட்சுமமானது. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயின்ட் பிரியத் தொடங்க வேண்டும் என்பது புல்லட் 350-க்கு உரிய கணக்கு. ஹெட்லைட் உறையிலுள்ள ஆம்பியர் மீட்டர் இங்கே நல்ல துணை. சாவியைத் திருப்பி எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால், பாயின்ட் சேர்ந்திருக்கும்வரை சாய்ந்து நிற்கும் முள், அது பிரிந்த கணமே நடுவுக்குத் திரும்பிவிடும். வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டியே விடுவிக்க, சிறு ஸ்பிரிங்குகளால் பிணிக்கப்பட்ட இரு எடைகள் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்துபோனால் மெதுவான ஓட்டத்திலேயே அவ்வெடைகள் விரிந்துவிடுவதால், எஞ்சின் ஒருபோதும் ஒரே சீராக நில்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக அலைக்கழியும். காரணம் அறியாதவர் இதற்கும் கார்புரேட்டரையே குறை கூறுவர்.

இவையனைத்தும் செம்மையாக இருந்தும் தடுமாற்றம் நீங்காவிடில் மட்டும் கலவைக்கு வரலாம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் செல்லும் வழி ஒன்றல்ல. ஆக்சிலரேட்டரை முக்கால் பங்குக்குமேல் முறுக்கினால் மெயின் ஜெட்டும், நடுப்பகுதியில் ஊசியும் ஆட்சி செலுத்த, மூடிய நிலையிலிருந்து எட்டிலொரு பங்கு வரையில் பைலட் ஜெட் ஒன்றே அதிகாரம் செலுத்துகிறது. அதன் துவாரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னமே ஆதலால், வண்டி வாரக்கணக்கில் நின்றிருக்கப் பெட்ரோல் ஆவியாகி எஞ்சும் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே தக்கது.

கார்புரேட்டர் சிலிண்டர் தலையோடு சேரும் முகப்பில் காற்றுக் கசிவு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். நட்டுகளை அளவு மீறி இறுக்கினால் அம்முகப்பு வளைந்து, அனுமதியில்லாத காற்று புகும். வேகத்தில் உறிஞ்சப்படும் காற்றோடு ஒப்பிட அது அற்பமாயினும், நிதானத்தில் உறிஞ்சப்படும் சொற்பத்தோடு ஒப்பிட அது பெரும்பங்கு. மெதுவாக ஓடும் எஞ்சினில் அம்மூட்டைச் சுற்றிச் சில துளி மெல்லிய எண்ணெயை விட, ஒலி மாறுமானால் கசிவு அங்கேதான். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவது அபாயம். சோக்கைச் சற்றே இழுக்க எஞ்சின் தெளிவடைந்தால், காற்று மிகுதி என்பதற்கு அது மற்றொரு சாட்சி.

இன்று 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் புழக்கத்துக்கு வந்திருப்பதும் பழைய வண்டிகளைப் பாதிக்கிறது. எத்தனால் எரியத் தன் எடையைப்போல் ஒன்பது மடங்கு காற்றே போதும். ஆகையால், தூய பெட்ரோலுக்காக ஜெட் பொருத்தப்பட்ட கார்புரேட்டரில் அதே காற்று மிகுதியாகிவிடுகிறது. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும் இயல்புடையதாதலால், நெடுநாள் நின்ற வண்டியின் தொட்டியில் பழைய பெட்ரோலை விட்டுவைக்கலாகாது.

இறுதியில்தான், மெதுவான ஓட்டத்துக்குரிய கலவையைச் சீர்செய்யும் ஏர் ஸ்க்ரூ. எஞ்சின் நன்கு சூடேறியபின், வேகத்தைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு, அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒலி மிக விரைவாகவும் சீராகவும் அமையும் இடத்தில் நிறுத்திவிட்டு, வேகத்தை முறையான அளவுக்கு இறக்க வேண்டும். முழுதும் உள்ளே திருகியபோதுதான் சீர்படுகிறது என்றால் பைலட் ஜெட் அடைபட்டிருக்கிறது, அல்லது வேறெங்கோ காற்று நுழைகிறது. எப்படித் திருப்பினும் மாறுதலே இல்லை என்றால் பைலட் வழி செயல்படவேயில்லை.

புல்லட் பிரியர்கள் எண்ணி எண்ணிக் கேட்கத்தக்க மிகமெதுவான துடிப்பை விரும்புவது இயல்பு. ஆயினும் 1000 சுற்றை ஒட்டிய அளவுக்கு வெகுவாகக் கீழே அதை இறக்குவது எஞ்சினுக்கு நன்றன்று. எண்ணெய்ப் பம்பு எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்குவதால் மேலுள்ள ராக்கர்களுக்குச் செல்லும் எண்ணெய் குறையும். ஜெனரேட்டரின் உற்பத்தியும் குன்றி, ஆம்பியர் மீட்டர் முள் இழப்புப் பக்கம் சாயும். பேட்டரி தளரத் தளரப் பொறியும் தளர்ந்து, இல்லாத கோளாறு உண்டாகிவிடும்.

ஏர் ஸ்க்ரூவைக் கடைசிக்கு ஒதுக்கியதன் நியாயம் இப்போது விளங்கும். அது எந்தக் குறையையும் தற்காலிகமாக மறைக்க வல்லது: கசியும் வால்வையும், தளர்ந்த கண்டன்சரையும், வளைந்த முகப்பையும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டி மூடிவிடலாம். அப்படி மூடப்பட்ட குறை வளர்ந்துகொண்டே இருக்கும். சில மாதங்களில் கருகிய வால்வாகவோ, நடுவழியில் நின்ற வண்டியாகவோ வெளிப்படும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பலனைக் கேட்டறிந்த பின்பே அடுத்ததைத் தொடுகிறவர், தம் எஞ்சினைத் திருத்துவதோடு, அது ஏன் திருந்தியது என்பதையும் அறிந்துகொள்கிறார். அந்த அறிவு உடையவருக்குப் பட்டறையில் எதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். எதைச் செய்ய வேண்டாம் என்று தடுக்கவும் தெரியும்.