அந்தப் பேட்டையின் வரி அந்தப் பேட்டைக்கே

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டியிருக்கிறது பிரெஞ்சு குவார்ட்டர். 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த குடியிருப்பு. 1788, 1794 ஆண்டுகளில் மூண்ட பெருந்தீயில் ஆரம்பகால வீடுகளில் பெரும்பாலானவை அழிந்தன. அப்போது நடந்தது ஸ்பானிய ஆட்சி. செங்கல் சுவரும் உள்முற்றமுமாக ஊர் மறுபடி எழுந்தது. படங்களில் நாம் பார்க்கும் இரும்புப் பூவேலை பால்கனிகள் 19-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை. 1937 முதல், வெளிப்புறத்தில் எதை மாற்றினாலும் ‘வியூ கரே ஆணையம்’ என்ற நகர அமைப்பின் அனுமதி வேண்டும்.

கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. தெருக்களுக்கு? இங்கே குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். வந்துபோகும் பயணிகளோ அதைவிடப் பல மடங்கு. நகரக் காவல்துறையில் ஆள் பற்றாக்குறை. அதனால் இந்தப் பகுதியையே தனி வரி வட்டாரமாக்கி, 2015-ல் அங்குள்ள வாக்காளர்களிடம் மட்டும் ஒப்புதல் கேட்டார்கள். வழக்கமான விற்பனை வரிக்கு மேல் 0.2495 சதவீதம், ஐந்தே ஆண்டுகளுக்கு. நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் கூடுதலாக ஏறக்குறைய 25 சென்ட். அந்தப் பணத்தில் லூசியானா மாநிலப் போலீசார் ரோந்து வருவார்கள். மக்கள் சம்மதித்தார்கள். வரியில் பெரும்பகுதி பயணிகளின் பையிலிருந்து வந்தது.

கெடு முடியும் தறுவாயில், 2020 டிசம்பரில், நீட்டிக்கலாமா என்று கேட்டபோது அதே மக்கள் மறுத்துவிட்டார்கள். கால் டாலர் அவர்களுக்குப் பாரமாக இருக்கவில்லை. பணம் யார் கையில் இருக்கும், எந்த ரோந்துக்குப் போகும் என்பதில் மேயர் நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்குதான் காரணம். 2021 ஏப்ரலில் மீண்டும் வாக்கெடுப்பு நடந்து வரி திரும்பியது.

அந்த மறுப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கெடு இல்லாத வரியாக இருந்திருந்தால், அதிகாரிகள் மக்களிடம் திரும்பி வந்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் ஒரு குறை உறுத்துகிறது. கடையும் பயணிகளும் நிறைந்த இடத்தில்தான் விற்பனை வரி இப்படிச் சுரக்கும். 2005-ல் கத்ரீனா புயல் வெள்ளம் மேட்டு நிலத்தில் இருந்த பிரெஞ்சு குவார்ட்டரைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. அதே நகரின் லோயர் நைன்த் வார்டைச் சூறையாடியது. எளியவர்கள் வாழும் அந்தப் பகுதி இப்படியொரு வரியை எந்தக் கடைத்தெருவிலிருந்து திரட்டும்? சிறப்பு வரியை அனுமதிக்கும் நகரம், அது எட்டாத தெருக்களுக்குப் பொதுநிதியிலிருந்து காவல் தந்தே ஆக வேண்டும்.