ஸ்விட்சை அணைக்குமுன் விவரம் சேகரிப்பது ஏன்?

வலையமைப்பு ஸ்விட்ச் பழுதுற்றால் அதனை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்ப்பதே பலருக்கும் முதற்காரியமாக இருக்கிறது. ஆயினும், எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் உள்ளது என்னும் அட்டவணை, பிழைகளின் எண்ணிக்கை, நிகழ்ச்சிக் குறிப்புகளில் பெரும்பகுதி ஆகிய சாட்சியங்கள் யாவும், மின்சாரம் நின்ற கணத்தில் அழியும் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கின்றன என்பதை அவர்கள் சிந்திப்பதில்லை.

ஆதலால், உதவி மையத்தை அழைக்குமுன் சேகரிக்கத்தக்கவை யாவை? மாடல், வரிசை எண், மென்பொருளின் பதிப்பு, இடையறாது இயங்கிய காலம், அண்மையில் செய்த மாற்றம் ஆகியவை பிரதானமானவை. சிஸ்கோ ஸ்விட்சாயின் ‘ஷோ டெக்-சப்போர்ட்’ என்னும் ஒரே கட்டளை இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தொகுத்தளிக்கும்.

எண்கள் எவ்விதம் காரணத்தைக் காட்டுகின்றன? ஒரு போர்ட்டில், தரவு சிதைவைக் குறிக்கும் சி.ஆர்.சி. பிழைகள் ஏறிக்கொண்டே போக, கேபிளின் மறுமுனையில் காலந்தாழ்ந்த மோதல்கள் பதிவாகுமாயின், முன்னது ஃபுல் டூப்ளெக்ஸிலும் (ஒரே சமயத்தில் இருதிசையிலும் அனுப்பும் முறை) பின்னது ஹாஃப் டூப்ளெக்ஸிலும் (மாறிமாறி அனுப்பும் முறை) நிற்கின்றன என்று அனுமானிக்கலாம். சில நிமிஷ இடைவெளியில் இவ்வெண்ணிக்கைகளை இருமுறை குறித்தால்தான், பிழை இப்போதும் வளர்கிறதா, பழைய கணக்கா என்பது விளங்கும்.

நேரமும் முக்கியம். கடிகாரம் சரிசெய்யப்படாத சில சிஸ்கோ ஸ்விட்சுகள், மின்சாரம் வந்ததும் 1993 மார்ச் 1 என்றே நாளைத் தொடங்குவதால், கோளாறு நேர்ந்த உண்மையான நேரத்தைத் தனியே எழுதிவைத்தல் அவசியம். ஸ்விட்சின் அமைப்புக் கோப்பை உதவி மையத்துக்கு அனுப்புமுன் கடவுச்சொற்களை நீக்கிவிடுவது விவேகம்.