சீசன் துணி: எதை அடுக்கி வைப்பது?

ஜூன் பிறந்தால் ராஜபாளையம் வழியாகக் குற்றாலம் போகிறவர்கள் சிவகிரியில் வண்டியை நிறுத்தி, எண்ணெய் சீயக்காயோடு துண்டும் கேட்கிறார்கள். நாமும் கனத்த டர்க்கித் துண்டையே எடுத்துக் கொடுக்கிறோம். பார்வைக்கு நல்ல சரக்குதான். ஆனால் சாரலில் நனைந்தால் மறுநாளும் காயாது. ஈரிழைத் துண்டைப் பிழிந்து உதறினால் மறுபடி துவட்டலாம். நம் முதலும் அதிகம் முடங்காது.

ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளத்தில் படகு விடும் நாட்களில், நனைந்தபடி காற்றில் உட்காருகிறவர்களும் உண்டு. உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் இழுத்துவிடும். குளிர்நாடுகளில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள், வெயில் அடித்தாலும் தண்ணீரின் குளிரைப் பார்த்தே உடுத்துகிறார்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தொடுவதில்லை.

நம் ஊருக்கு அவர்களுடைய ரப்பர் உடை வேண்டாம். நனைவதற்குப் பாலியஸ்டர் பனியன், அரைக்கால் சட்டை. காற்றுக்கு மேலே ஒரு மழைக்கோட்டு. பருத்தி வேட்டி சட்டையெல்லாம் கரையேறிய பிறகு மாற்றிக்கொள்ள. ஜீன்ஸோடு நனைகிறவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

கொள்முதலில் குழந்தை அளவை முதலில் பாருங்கள். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். சாரல் பொய்த்த வருஷம் டர்க்கி அலமாரியிலேயே தங்கும். ஈரிழை எப்படியும் உள்ளூரிலேயே விற்றுப்போகும்.