பிரசவத்துக்கும் நாலு கேள்வி கேளுங்கள்

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை எடுக்க வருபவர்கள் கடைக்காரரை லேசில் விடுவதில்லை. முந்தியைப் புரட்டிப் பார்ப்பார்கள். கோர்வை போட்டதா, சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று துருவுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் சரிகையைச் சோதித்துப் பார்க்கவும் ஊரிலேயே வழி உண்டு. அதே குடும்பம் மகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி தேடும்போது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், மருந்துக் கடைக்காரர் சொன்னார் என்று கிளம்பிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதைக் கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லையே!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36, தனியாரில் 64. சிக்கலான கேஸ்களைக் கடைசி நேரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கமுள்ள ஊரில் இந்த இடைவெளி உறுத்துகிறது. ஆனால், இது மாநிலக் கணக்கு. நம் தெருமுனை நர்சிங் ஹோமின் கணக்கு என்ன? அதுதானே நமக்கு வேண்டும்! இதய பைபாஸ் அறுவை சிகிச்சையில் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை நியூயார்க் மாநில அரசு 1990-லேயே வெளியிட்டது. சிசேரியன் கணக்கையாவது இங்கே வாசலில் எழுதிப்போடச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்.

அதுவரை நாமேதான் கேட்க வேண்டும். "போன மாசம் இங்கே எத்தனை பிரசவம் டாக்டர், அதில் சிசேரியன் எத்தனை? ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்?" முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் டாக்டரை நம்பலாம்.

1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் ஆஸ்பத்திரி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் பாருங்கள். மருந்துச் சீட்டில் டாக்டர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அதைச் சரிபார்க்கலாம். ஆஸ்பத்திரிக்கு என்.ஏ.பி.எச். என்ற தரச் சான்று இருந்தால் நல்லது. ஆனால், அது ஆஸ்பத்திரியின் நடைமுறைகளுக்குத் தரும் சான்று, டாக்டரின் கைத்திறனுக்கு அல்ல.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்படாமல், கேஸ் ஷீட் நகலையும் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதங்கள்தான்.