மின்சார அடுப்பும் வீட்டு இணைப்பும்

விறகும் எரிவாயுவும் பயன்பட்டுவரும் சமையலறைகளில் இன்று மின்சார அடுப்பும் இடம்பெற்று வருகிறது. வல்லத்திராக்கோட்டை போன்ற சிற்றூர்களிலும் இண்டக்‌ஷன் அடுப்பு, சுருள்கம்பி அடுப்பு ஆகியவை புதியன அல்ல. புகையின்மையும் விரைவும் இவற்றின் நன்மைகள். ஆயினும், வாங்கி வந்த அடுப்பை அருகிலுள்ள ஏதேனும் ஒரு பிளக்கில் செருகிவிடுதல் பெருந்தவறாகும். நெசவாளர் இல்லத்தில் நூலும் பாவும் அடுப்படியை அடுத்தே இருக்கின்றன. விவசாயி இல்லத்தில் வைக்கோலும் சாக்கும் இருக்கின்றன. ஆதலின் மற்றவர்களைக் காட்டிலும் நம் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தில் மிகுந்த கவனம் செலுத்துதல் வேண்டும்.

அடுப்பு இழுக்கும் மின்னோட்டம்

வீடுகளுக்கு வரும் ஒருமுனை மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஒரு சாதனத்தின் வாட் அளவை 230 ஆல் வகுத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 550 வாட் மிக்சி ஏறக்குறைய 2.4 ஆம்பியர் இழுக்கிறது. 2,000 வாட் அடுப்போ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. மேலும், மிக்சி சில நிமிடங்களில் நின்றுவிடும். அடுப்பு ஒரு மணி நேரமும் தொடர்ந்து இயங்கும்.

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். அதாவது, மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். விளக்குக்கும் விசிறிக்கும் போடப்பட்ட மெல்லிய கம்பியில் அடுப்பை இணைத்தால், பாத்திரத்தில் தோன்றவேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதி சுவருக்குள் தோன்றுகிறது.

இதனினும் கொடியது தளர்ந்த இணைப்பு. பிளக்கின் முள் இறுக்கமாகப் பொருந்தாமல் 0.2 ஓம் தடை கூடினாலும், 8.7 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 15 வாட் வெப்பம் நகக்கண் அளவு இடத்தில் திரளும். அப்பொழுது மின்னோட்டம் மிகுவதில்லை. ஆகவே பியூஸ் உருகாது. பிளக் கருகும், பின்னர் தீப்பற்றும். பியூஸ் இருக்கிறதே என்று நம்பியிருத்தல் இங்கே பயன்தராது. பிளக் சுடுவதும், கருகிய வாடை வீசுவதும், நிறம் மாறுவதுமே முன்னறிவிப்புகள்.

இணைக்கும் முறை

அடுப்புக்கெனத் தனி வழி தேவை. மெயின் பலகையிலிருந்து வேறெதற்கும் கிளை பிரியாமல், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பியைச் சமையலறை வரை இழுத்து, 16 ஆம்பியர் பிளக்கில் முடித்தல் வேண்டும். மெயின் பலகையில் இவ்வழிக்கெனத் தனியே 16 ஆம்பியர் எம்.சி.பி. இருத்தல் வேண்டும். 16 ஆம்பியர் பிளக்கின் பருமனான முட்களைக் கன்வெர்ட்டர் கொண்டு 6 ஆம்பியர் பிளக்கில் பொருத்துதல் கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியும் ஆகாது.

அவனுடன் கூடிய பெரிய ரேஞ்ச் வாங்குவோர் அதன் பெயர்த்தகட்டில் உள்ள வாட் அளவைப் பார்க்கவும். 16 ஆம்பியர் பிளக் தாங்கும் உச்ச அளவு 3,680 வாட்டே. அதற்கு மேற்பட்டதைப் பிளக்கில் இணைக்கலாகாது. இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் ஸ்விட்சின் வழியாக, பருமனான கம்பி கொண்டு நேரடியாக இணைக்கவேண்டும்.

எர்த்

பிளக்கில் மூன்றாவது முள் நீளமாகவும் பருமனாகவும் இருப்பது காரணத்தோடுதான். செருகும்போது அது முதலில் தொடும். எடுக்கும்போது கடைசியில் விலகும். அடுப்பினுள் பழுதேற்பட்டு அதன் உலோகப் பகுதியில் மின்சாரம் பாய்ந்தால், அதை மண்ணுக்குக் கொண்டுசெல்வது இந்த எர்த் கம்பியே. எர்த் இல்லையேல், ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடலே வழியாகிவிடும்.

நம் பகுதியின் செம்மண் கோடையில் இறுகிக் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. எனவே எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிவருதல் நலம். குடிநீர்க் குழாயை எர்த்தாகப் பயன்படுத்துவதும், பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் முடிந்துவிடுவதும் உயிருக்கு ஆபத்தானவை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்திக்கொள்க. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும்.

இலவச மின்சாரமும் அடுப்பும்

கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 2023இல் இரு மாதங்களுக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. 2,000 வாட் அடுப்பை நாள்தோறும் ஒரு மணி நேரம் முழு அளவில் இயக்கினால் இரு மாதங்களில் 120 யூனிட் செலவாகும். இலவசம் கட்டணத்தைக் குறைக்குமேயன்றிக் கம்பியின் வலிமையைக் கூட்டாது. அனுமதிக்கப்பட்ட பளுவுக்கு மேல் தேவைப்படின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும்.

விவசாய அங்கத்தினர்கள் பம்புசெட்டு இணைப்பிலிருந்து அடுப்புக்குக் கம்பி இழுத்தல் கூடாது. வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டண விகிதத்தின் இருமடங்கு விதிக்கப்படும்.

சங்கம் செய்யக்கூடியது

இவ்வேலையை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். தனித்தனியே செலவழிப்பதினும், பத்து அங்கத்தினர்கள் சேர்ந்து ஒரே நாளில் அத்தகையவரை வரவழைத்து எர்த்தையும் கம்பியையும் சோதித்துக்கொள்ளலாம், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கம்பியையும் எம்.சி.பி.யையும் மொத்தமாக வாங்கலாம். நூலைச் சேர்ந்து வாங்கிப் பயன்கண்ட நமக்கு இம்முறை புதிதன்று. அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து, மழைக்காலத்திற்கு முன்னரே செயல்படுத்துவார்களாக.