டோக்கியோவில் தொலையாமல் இருப்பது எப்படி?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எதிரே, கையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வழி தேடும் வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்திருப்பீர்கள். நம் தமிழ் எழுத்து அவர்கள் கண்ணுக்குக் கோலம் மாதிரிதான் தெரியும்!

அதேபோல நீங்களும் ஒருநாள் விழிக்க நேர்ந்தால்? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் வாழும் மாநகரம். மொழியும் தெரியாது. பயமா? வேண்டாம் குட்டீஸ், நமக்கு முன்பே போனவர்கள் இருக்கிறார்கள்!

டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது நிஷி-கசாய். 2000-ம் ஆண்டு பிறந்தபோது கணினிகள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்ற அச்சம் உலகெங்கும் இருந்தது. அதைச் சரிசெய்ய இந்தியப் பொறியாளர்கள் பலர் ஜப்பான் போனார்கள். அலுவலகத்துக்கு ஒரே ரயிலில் போகலாம் என்பதால் நிஷி-கசாயில் குடியேறினார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. இன்று அங்கே இந்திய மளிகைக் கடை, உணவகம் எல்லாம் இருக்கின்றன.

எழுத்து தெரியாதா? எண்ணுங்கள்!

சுரங்க ரயிலில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம், ஓர் ஆங்கில எழுத்து. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண். அலுவலகங்கள் நிறைந்த ஓட்டேமாச்சி, டோசாய் பாதையில் 9-வது நிலையம். நிஷி-கசாய் 16-வது. பெயரைப் படிக்கவே வேண்டாம். ஏழு நிலையம் எண்ணி இறங்கினால் வீடு! வெளிநாட்டவருக்கும் எளிதாக இருக்க, 2004-ல் வந்த ஏற்பாடு இது.

வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது! முகவரியில் பகுதி எண், அதற்குள் மனைத்தொகுதி எண், கடைசியில் கட்டட எண்தான் இருக்கும். வழி தவறினால் 'கோபன்' எனப்படும் சின்னக் காவல் சாவடியைத் தேடுங்கள். அங்கே பகுதியின் வரைபடம் இருக்கும். போலீஸ்காரர் வழி காட்டுவார். தெருவில் கிடந்த குடையையும் பணப்பையையும் மக்கள் கொண்டுபோய் ஒப்படைப்பதும் அங்கேதான்.

ஐந்து மணிப் பாட்டு

டோக்கியோவின் பல பகுதிகளில் மாலை 5 மணி வாக்கில் ஒலிபெருக்கியில் இனிமையான இசை கேட்கும். விளையாடும் பிள்ளைகளுக்கு அது 'வீட்டுக்குப் போ' என்ற அழைப்பு. ஆனால் அதன் உண்மையான வேலை வேறு. பூகம்பம், வெள்ளம் வந்தால் எச்சரிக்கும் ஒலிபெருக்கி சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கும் சோதனை அது!

1923 செப்டம்பர் 1-ல் வந்த பூகம்பத்திலும் தீயிலும் டோக்கியோ, யோகோஹாமா பகுதியில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் இறந்தார்கள். அதை மறக்காமல் 1960 முதல் செப்டம்பர் 1-ஐப் பேரிடர் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். பள்ளியில் நீங்களும் பயிற்சி எடுப்பீர்கள்: தரை ஆடினால் மேஜைக்கு அடியில் புகு, மேஜைக் காலைப் பிடி, தலையைக் காத்துக்கொள். புதிதாக வந்த பிள்ளை என்று யாரும் உங்களை விட்டுவிட மாட்டார்கள். ஆபத்து வரும்போது உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பார்த்தா வரும்?

இதில் நமக்கும் பாடம் உண்டு. 'சுனாமி' ஜப்பானியச் சொல்தான். 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. 2004 டிசம்பர் 26-ல் அந்த அலை மாமல்லபுரத்துக்கும் வந்தது. மணலை அரித்துக்கொண்டு போனதில், புதைந்து கிடந்த பழைய சிற்பங்கள் வெளியே தெரிந்தன. ஆனால் தமிழகக் கரையோரம் ஆயிரக்கணக்கான உயிர்களையும் கொண்டுபோனது.

அதனால் குட்டீஸ், டோக்கியோ போகிறோமோ இல்லையோ, இதை மறக்காதீர்கள்: கரையில் நிற்கும்போது கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள், கிளிஞ்சல் பொறுக்கப் போகாதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டி மேட்டை நோக்கி ஓடுங்கள். பக்கத்தில் மொழி தெரியாத வெளிநாட்டுப் பயணி நின்றால், கையைப் பிடித்து அவரையும் இழுத்துக்கொண்டு ஓடுங்கள்!