மருந்துக்கடையின் இருப்பும் கணினியும்

மாலைப்பொழுதிலே முதியவர் ஒருவர் பேருந்திலிருந்து இறங்கி, மருந்துக்கடையின் மேசைமீது வைத்தியரின் சீட்டை வைக்கின்றார். நீரிழிவு நோய்க்காக அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை அதிலே எழுதப்பட்டிருக்கின்றது. கடைக்காரர் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது ஐயா, வாற கிழமை வாருங்கோ" என்கிறார். அதே கடையின் பின்னறையில், அம்மாத்திரைப் பெட்டியொன்று வேறு பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்து, காலாவதியாகிக் கிடப்பதும் உண்டு.

ஒருபுறம் இல்லாமை, மறுபுறம் வீணாதல். நோக்குமிடத்து, இவ்விரண்டும் ஒரே குறையின் இரு முகங்களே. தன்னிடம் என்ன இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது, எதுவரை அது பயன்படும் என்பவற்றைக் கடை அறியாதிருத்தலே அக்குறை. அதனைத் தீர்க்கும் பொருட்டே மருந்துக்கடையினுள் கணினி புகுந்தது.

அரிசிக்கடைக்கும் புடைவைக்கடைக்கும் இருப்புக் கணக்கு உண்டு. ஆயினும் மருந்துக்கடையின் கணக்கு அவற்றினும் நுண்ணியது. ஒரே மருந்து 250 மில்லிகிராமாகவும் 500 மில்லிகிராமாகவும் வரும்; மாத்திரையாகவும் பாணியாகவும் ஊசிமருந்தாகவும் வரும். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரிலே வைத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காலாவதித் திகதி உண்டு. பழுதடைந்த டெற்றாசைக்கிளினை உட்கொண்டவர்களின் சிறுநீரகம் பாதிப்புற்றமை 1963 ஆம் ஆண்டில் மருத்துவ ஏடுகளிற் பதிவாயிற்று. எனவே திகதியைக் கவனியாதிருத்தல் பணநட்டத்தோடு மாத்திரம் முடிவதன்று.

இவ்விவரங்களையெல்லாம் பேரேட்டிலும் எழுதலாம். பல தலைமுறைகளாக எழுதியும் வந்தனர். ஆனால் பேரேடு, கேட்டவர்க்கு மட்டுமே விடை கூறும். அதனைப் புரட்டுவார் இல்லாத நாளில் அது வாய் திறவாது. கணினியோ கேளாமலே எச்சரிக்கும். இதுவே இரண்டுக்கும் உள்ள தலையாய வேறுபாடு.

அஃது எவ்வாறு எச்சரிக்கின்றது? மருந்து கடைக்கு வந்தவுடன் அதன் பெயர், வலு, எண்ணிக்கை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியன பதியப்படுகின்றன. பட்டைக் குறியீடு இவ்வேலையை எளிதாக்குகின்றது. 1974 ஆம் ஆண்டு யூன் மாதம் 26 ஆம் திகதி அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கடையொன்றிலே சூயிங்கம் பொதி ஒன்றின்மீது முதன்முதலாக வாசிக்கப்பட்ட அக்குறியீடு, இன்று சிறு சதுர வடிவிலும் மருந்துப் பெட்டிகளில் இடம்பெறுகின்றது. அச்சதுரத்தினுள்ளே தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியுங்கூட அடங்கும். மருந்து விற்கப்படுந்தோறும் அத்தொகை இருப்பிலிருந்து கழிகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு கடையில் நாளொன்றுக்கு 40 மெற்போமின் மாத்திரைகள் செலவாகின்றன எனக் கொள்க. கட்டளை அனுப்பிய பின் மருந்து வந்துசேர 10 நாள்கள் ஆகும். தாமதம் நேரின் ஈடுசெய்ய மேலும் 5 நாள்களுக்குரிய இருப்பு வேண்டும். ஆக 15 நாள்கள். 15 ஐ 40 ஆற் பெருக்க 600. இருப்பு 600 ஐத் தொட்ட அன்றே கணினி அறிவித்துவிடும். உயிர்காக்கும் மருந்துகளுக்கு இவ்வெல்லையைச் சற்று உயர்த்தி வைப்பது வழக்கம். தட்டு வெறுமையான பின்பு கட்டளை அனுப்பும் பழைய முறைக்கு இதனால் இடமில்லாது போகின்றது.

காலாவதி விடயத்திலும் அவ்வாறே. முதலில் வந்த சரக்கை முதலில் விற்க வேண்டும் என்பது பொதுவான வணிக விதி. மருந்துக்கோ, முதலிற் காலாவதியாவதை முதலிற் கொடுத்தல் வேண்டும். இன்னும் மூன்று மாதத்திற் காலாவதியாகும் மருந்துகள் இவை எனக் கணினி பட்டியல் தரும்போது, அவற்றை முன்வரிசையில் வைக்கவோ வழங்குநரிடம் திருப்பிக் கொடுக்கவோ காலம் இருக்கும். ஒரு தொகுதி பழுதுடையதென அதிகாரிகள் மீளப்பெறும்போதும், அத்தொகுதி கடையில் உள்ளதா என்பது நொடிப்பொழுதில் தெரியவரும்.

இங்கே பெயர் பற்றிய சிக்கல் ஒன்று உண்டு. பரசிற்றமோல் என்பது மருந்தின் பொதுப்பெயர். பனடோல் என்பது அதன் வணிகப்பெயர்களுள் ஒன்று. வணிகப்பெயரை மட்டும் பதிந்த கணினி, ஒன்று தீர்ந்ததும் மருந்தே இல்லையென்று கூறும். அதே மருந்து வேறு பெயரில் அடுத்த தட்டில் இருக்கும். 1971 இல் நிறுவப்பெற்ற இலங்கை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, பொதுப்பெயர் வழக்கை வற்புறுத்தியவர். மருந்தின் விலையைக் குறைத்தற்கு உதவிய அவ்வழக்கு, இன்று இருப்பைச் சரியாக எண்ணுதற்கும் உதவுகின்றது. மாற்று மருந்தை வழங்கலாமா என்பதை மட்டும் தகுதி பெற்ற மருந்தாளரே தீர்மானித்தல் வேண்டும்.

எனினும் கணினி தட்டிலுள்ளதைக் காண்பதில்லை. தனக்குச் சொல்லப்பட்டதையே அறியும். பத்து மாத்திரை கொண்ட அட்டை ஒன்றை ஒரு மாத்திரை எனப் பதிந்தால், அதன் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். உடைந்த போத்தலைப் பதியாது விட்டால், இல்லாத மருந்தை இருப்பதாகக் காட்டும். ஆதலின் கணினியைத் தொடங்குமுன் கடையைப் பூட்டி அனைத்தையும் கையால் எண்ணுதல் வேண்டும். சில வாரங்கள் பேரேட்டையும் உடன் எழுதி ஒப்புநோக்குதல் வேண்டும். அதன் பின்னரும் நாள்தோறும் சில மருந்துகளையேனும் எண்ணிச் சரிபார்த்தல் வேண்டும். மின்தடைக்கும் பழுதுக்கும் அஞ்சி, கணக்கின் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்தலும் இன்றியமையாதது.

2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி அருகி, இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. இறக்குமதியாகாத மருந்தை எந்தக் கணினியும் உண்டாக்கித் தராது. ஆயினும் எங்கே எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது தெரிந்தாலன்றி, மிகுந்துள்ள இடத்திலிருந்து குறைந்துள்ள இடத்துக்கு மருந்தை அனுப்ப இயலாது. பஞ்சகாலத்திலேதான் கணக்கின் அருமை விளங்கும்.

சீட்டோடு வந்த முதியவர்க்குக் கணினியைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர் வருவதற்குப் பத்து நாள் முன்பே கட்டளை அனுப்பப்பட்டிருந்தால் போதும். மாத்திரையை வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்திலே அவர் வீடு திரும்புவார்.